பறக்கும் தட்டுகளும் பறந்த யந்திரங்களும்

வானத்தில் இனந்தெரியாத பொருள் ஒன்றைக் கண்டதாக ஒருவர் கூறுவாராயின், கேட்டிருப்போர் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவர். வேற்றுக் கிரகவாசிகள் வந்துவிட்டனர் என்பர் ஒரு சாரார். மனிதனுக்கு மூளை பிசகிவிட்டது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. கண்டவர் உண்மையே பேசினார். அவர் கண்ட பொருளும் ஆகாயத்தில் மெய்யாகவே இருந்தது. ஆனால், அது இப்பூமியிலே மனிதர் கையினாற் செய்யப்பட்டது என்பதே அவ்வழி. உலகமெங்கும் பேசப்பட்ட பறக்கும் தட்டு என்னும் விந்தையின் ஒரு பெரும்பகுதிக்கு இந்த மூன்றாவது வழியே பொருத்தமான விளக்கத்தைத் தருகின்றது. அவ்விளக்கத்தை அறிந்திருந்தோர் சிலர் அக்காலத்தில் வாய் திறக்க இயலாதவராய் இருந்தனர். அதனால் விளைந்த கேடும் சிறிதன்று.

கதை 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் தேதி தொடங்குகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்திலே, கென்னத் ஆர்னல்ட் என்னும் முப்பத்திரண்டு வயதுடைய வியாபாரி ஒருவர் தமது சிறிய விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்றுகொண்டிருந்தார். தீயணைக்கும் கருவிகளை விற்பது அவர் தொழில். படையினரை ஏற்றிச் சென்ற விமானம் ஒன்று அம்மலைப் பிரதேசத்திற் காணாமற் போயிருந்தது. அதனைக் கண்டுபிடிப்போருக்கு 5,000 டொலர் பரிசு என்றும் அறிவிக்கப்பட்டிருந்தது. போகிற வழியில் அதனையும் தேடிப் பார்ப்போமென்று ஆர்னல்ட் சிறிது சுற்றி வந்தார். பிற்பகல் மூன்று மணியளவில், பனி மூடிய ரெய்னியர் மலைப் பக்கத்திலே கண்ணைப் பறிக்கும் ஒளி ஒன்று வெட்டியது. உற்று நோக்கினார். ஒன்பது பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தெற்கு நோக்கி விரைந்து சென்றன.

ஆர்னல்ட் பதற்றமடையவில்லை. ரெய்னியர் மலையிலிருந்து அடம்ஸ் மலைவரை அவை சென்ற நேரத்தைக் கடிகாரத்திற் பார்த்து அளந்தார். ஒரு நிமிடமும் நாற்பத்திரண்டு விநாடியும் ஆயின. இரு மலைகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ ஐம்பது மைல். கணக்கிட்டால் மணிக்கு 1,700 மைல் வேகம் வருகின்றது. ஒலியின் வேகத்தை மிஞ்சி மனிதன் மட்டமாகப் பறந்தது அதற்கு நான்கு மாதங்களின் பின்னர், 1947 அக்டோபர் 14ஆம் தேதியன்றுதான். ஆகவே, அக்கணக்கைக் கேட்டவர் வியந்ததில் வியப்பில்லை.

மறுநாள் பத்திரிகை நிருபர்களிடம் அவர் இதனைக் கூறினார். அவை சென்ற மாதிரியை விளக்குமிடத்து, நீரின்மேல் எறிந்த தட்டுத் தத்திச் செல்வதுபோலச் சென்றன என்றார். குளத்து நீரிலே ஓட்டாஞ்சில்லை வீசி, அது தத்தித் தத்திப் போவதைப் பார்த்து மகிழாத பிள்ளைகள் எந்த நாட்டிலும் இல்லை. ஆர்னல்ட் சொன்னது அந்தத் தத்துதலையே. தமிழ் இலக்கணம் படித்தோர் இதனை வினையுவமை என்று எளிதிற் கண்டுகொள்வர். பத்திரிகைக்காரரோ அதனை மெய்யுவமையாகக் கொண்டனர். தொழிலுக்குச் சொன்ன உவமை வடிவுக்கு ஏறியது. பறக்கும் தட்டு என்ற தொடர் பிறந்தது. ஆர்னல்ட் தாமே வரைந்து கொடுத்த படத்திலுள்ள உருவம் தட்டன்று. முன்புறம் வளைந்து பின்புறம் ஒடுங்கிய, சப்பாத்தின் குதிப்பகுதியை ஒத்த வடிவமே அது. ஆயினும், அத்தொடர் அச்சேறிய சில கிழமைகளுக்குள் அமெரிக்காவின் பல பாகங்களிலும் மக்கள் கண்டவையெல்லாம் வட்டத் தட்டுகளாகவே இருந்தன. வேற்றுலகத்தவர் தம் வாகனத்தைப் பத்திரிகையிற் படித்துத் திருத்திக்கொண்டனர் போலும்!

ஆர்னல்ட் கண்டது யாது? இன்றுவரை அதற்கு ஐயந்திரிபற்ற விடையில்லை. தாழப் பறந்த கூழைக்கடாக் கூட்டம் என்பாரும் உளர். ஜெட் விமான அணி என்பாரும் உளர். ஆனால், அவர் கூறிய வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லலாம். வெறும் ஆகாயத்தில் ஒரு பொருளின் அளவையும் தூரத்தையும் கண்ணாற் கணிக்க முடியாது. தெருவில் வருகிற மாட்டுவண்டியின் தூரத்தை எளிதில் அறிகிறோம் என்றால், மாடு இவ்வளவு பெரியது என்பது முன்னமே தெரியும் என்பதே காரணம். பக்கத்தில் மரமும் வேலியும் நிற்பதும் காரணம். ஆகாயத்திலோ மரமுமில்லை, வேலியுமில்லை. தூரத்தைக் கூட்டிக் கருதினால் அளவும் கூடும், வேகமும் கூடும்.

அமெரிக்க விமானப் படைக்கு ஆலோசகராயிருந்த வானியல் அறிஞர் அலன் ஹைனெக் இக்கணக்கை ஆராய்ந்தார். இருபது மைலுக்கு அப்பாலுள்ள பொருளின் வடிவத்தையும் விளிம்பையும் ஆர்னல்ட் கூறிய அளவு நுட்பமாக மனிதக் கண்ணாற் காண இயலாது என்று அவர் எடுத்துக் காட்டினார். பொருள்கள் மிகக் கிட்டவே இருந்திருத்தல் வேண்டும். தூரம் நாலில் ஒரு பங்காகுமானால், வேகமும் நாலில் ஒரு பங்காகும். 1,700 மைல் 425 மைலாகிவிடும். அந்த வேகத்தில் பறக்கும் விமானங்கள் அந்நாளில் அமெரிக்காவிலே பல இருந்தன.

தட்டு வடிவான விமானம் ஒன்றை மனிதர் செய்ததே இல்லையோ என்று நேயர் கேட்கலாம். செய்தனர். சார்ல்ஸ் ஸிம்மர்மன் என்னும் பொறியியலாளர் வகுத்த வி-173 என்னும் விமானம் 1942 நவம்பரில் கனெக்டிகட் மாநிலத்திற் பறந்தது. ஏறக்குறைய வட்டமான உடலே அதற்குச் சிறகு. பார்த்தோர் அதற்கு இட்ட செல்லப் பெயர் பறக்கும் அப்பம். அதன் வழித்தோன்றலாகக் கடற்படை செய்வித்த போர் விமானத் திட்டம் 1947 மார்ச்சிற் கைவிடப்பட்டது. அதாவது, ஆர்னல்ட் தம் ஒன்பது பொருள்களைக் காண்பதற்கு மூன்று மாதம் முன்னரே அது முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு, அப்பம் பறந்தது நாட்டின் கிழக்குக் கரையில்; ஆர்னல்ட் பறந்தது மேற்குக் கோடியில். எனினும், 1950இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று, பறக்கும் தட்டுகள் எல்லாம் இந்த அப்பத்தின் பிள்ளைகளே என்று அடித்துக் கூறியது. பூமியைச் சார்ந்த விளக்கம் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

கனடாவிற் செய்த தட்டின் கதை சுவையானது. ஜோன் ஃபிரோஸ்ட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் ஒன்ராறியோ மாகாணத்து மால்ற்றன் நகரிலுள்ள ஆவ்ரோ தொழிற்சாலையில், அமெரிக்கப் படைகளின் பணத்தைக் கொண்டு ஆவ்ரோகார் என்ற யந்திரத்தை அமைத்தார். பதினெட்டு அடி விட்டமுள்ள அசல் வட்டத் தட்டு அது. நடுவிலே பெரியதொரு விசிறி. அதனைச் சுழற்றுவதற்கு மூன்று ஜெட் எந்திரங்கள். விசிறி தள்ளும் காற்று விளிம்பு வழியே கீழ்நோக்கிப் பாய, தட்டு செங்குத்தாக மேலெழும். பின் மணிக்கு முந்நூறு மைல் வேகத்திற் பறக்கும் என்பது எண்ணம். 1959 நவம்பர் 12ஆம் தேதி அது கட்டவிழ்த்துப் பறக்கவிடப்பட்டது. நிலத்தினின்றும் மூன்று அடி எழும்பும்வரை ஒழுங்காகவே இருந்தது. அதற்குமேற் சென்றதும், சுழன்று விழும் தறுவாயிலுள்ள மூடியைப்போல நாற்புறமும் ஆடத் தொடங்கியது. எவ்வளவு முயன்றும் ஏறத்தாழ முப்பத்தைந்து மைல் வேகத்தையே அது எட்டியது. நல்ல சைக்கிளோட்டி ஒருவன் இறக்கத்திலே அதனை முந்திவிடுவான். 1961 டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது.

தட்டு ஏன் நன்றாகப் பறப்பதில்லை என்பதற்கு விமான சாஸ்திரம் தெளிவான விடை கூறுகின்றது. தட்டின் பாரம் அதன் மத்தியிலே தங்கும். முன்னோக்கிப் பறக்கும்போது காற்றின் தூக்கு விசையோ மத்தியிற் றாக்காமல், முன் விளிம்பிலிருந்து கால்பாகத்தளவிலே தாக்கும். ஆகவே, மூக்கு எப்பொழுதும் மேல்நோக்கிப் புரளவே பார்க்கும். அன்றியும், அகலத்துக்குத் தக்க நீளமில்லாத சிறகு காற்றை வீணே சுழற்றிப் பெருந்தடையை உண்டாக்கும். பருந்தின் சிறகும் கடற்பறவையின் சிறகும் நீண்டிருப்பது காரணமின்றி அன்று. இனந்தெரியாத பொருள்களுக்கு விடை தேடுவோர் வட்டமான விமானத்தைத் தேடிப் பயனில்லை. தூரத்திலிருந்து பார்க்குங்கால் வட்டமாய்த் தோன்றும் பொருளையே தேடல் வேண்டும்.

அத்தகைய பொருள்களுள் முதலிடம் பெறுவது பலூன். விளையாட்டுப் பலூனை மனத்திற் கொண்டு இதனை நகைத்தல் ஆகாது. 1947ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கடற்படையினர் ஸ்கைஹுக் என்னும் பெரும் பலூன்களை வானில் ஏற்றத் தொடங்கினர். மெல்லிய பொலித்தீன் தாளாற் செய்யப்பட்ட அவை முற்றும் விரிந்த நிலையில் நூறு அடி விட்டமுடையன. ஒரு லட்சம் அடி உயரம்வரை செல்ல வல்லன. அவ்வுயரத்தில் வளியமுக்கம் தரைமட்டத்து அமுக்கத்தில் நூறில் ஒரு பங்களவே. எனவே, கீழே வாடித் தொங்கும் பை மேலே செல்லச் செல்ல வீங்கி உருண்டையாகும். வெயில் பட்டால் உலோகம்போல மின்னும். நிலத்தில் இருள் சூழ்ந்த பின்னும் அவ்வுயரத்தில் வெயில் இருக்குமாதலால், அந்தி வேளையில் அது செந்தணலாய் ஒளிரும். காற்றோட்டத்திற்கேற்ப ஓரிடத்தில் நிற்பதுபோலவும் தோன்றும். திடீரென விரைவதுபோலவும் தோன்றும்.

இப்பலூன்களைப் பற்றி அறியாமையால் ஓர் இளைஞன் உயிரிழந்தான் என்றே கருத வேண்டியிருக்கிறது. 1948 ஜனவரி 7ஆம் தேதி பிற்பகலில், கென்றக்கி மாநிலத்து கொட்மன் விமானத் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தோர் தெற்கு வானில் வெண்ணிறமான பெரும் பொருளொன்றைக் கண்டனர். அவ்வழியே நான்கு போர் விமானங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றின் தலைவர் கப்டன் தோமஸ் மன்ரெல். வயது இருபத்தைந்து, உலகப் போரிலே வீரப் பதக்கம் பெற்றவர். அப்பொருளைச் சென்று பார்க்குமாறு அவர் கேட்டுக்கொள்ளப்பட்டார். ஒரு விமானம் எரிபொருள் குறைவினால் விலகிக்கொண்டது. மற்ற இருவர் 22,000 அடிவரை அவரைப் பின்தொடர்ந்து திரும்பிவிட்டனர். ஏனெனில், அவ்வுயரத்திற்கு வேண்டிய பிராணவாயு விமானங்களிற் போதியவாறு இருக்கவில்லை. மன்ரெல் மட்டும் மேலும் ஏறினார். அப்பொருள் உலோகம்போலத் தோன்றுகிறது, மிகப் பெரிதாயிருக்கிறது என்று அவர் வானொலி மூலம் அறிவித்திருந்தார். பிராணவாயுக் குறைவினால் அவர் உணர்விழந்திருத்தல் வேண்டும். விமானம் பிராங்க்ளின் என்னும் ஊரருகே விழுந்து நொருங்கியது.

வேற்றுலகக் கப்பல் ஒன்று அவரைச் சுட்டு வீழ்த்தியது என்ற வதந்தி காட்டுத்தீப்போற் பரவியது. விமானப் படையினர், அவர் துரத்தியது வெள்ளிக் கிரகம் என்றனர். பட்டப்பகலில் வெள்ளியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு அரிது என்பதை அறிந்தோர் இவ்விளக்கத்தைக் கேட்டு நகைத்தனர். பின்னரே ஸ்கைஹுக் பலூன் நினைவுக்கு வந்தது. அத்திட்டம் அந்நாளில் இரகசியமாய் இருந்தபடியால், மன்ரெலுக்கோ கோபுரத்திலிருந்தோருக்கோ அப்படியொரு பொருள் வானில் உண்டென்றே தெரியாது. அறுபதினாயிரம் அடிக்கு மேலே நிற்கும் நூறடிப் பலூனைச் சற்று மேலே நிற்கும் சிறிய பொருளென்று கருதி ஏறியவர், எத்துணை ஏறினும் அதனை அணுகியிருக்க முடியாது. தம் நாட்டுக் கடற்படையின் பலூனைத் தம் நாட்டு விமானப் படை வீரன் இனங்காணாது துரத்தி மடிந்த இச்செய்தி, விண்வெளிப் பகைவரைப் பற்றிய எந்தக் கற்பனையிலும் கொடியது.

மன்ரெலின் மரணத்துக்கு ஆறு மாதம் முன்னர், நியூ மெக்சிகோ மாநிலத்து ரொஸ்வெல் என்னும் இடத்தில் நடந்த சம்பவம் இதனினும் பெயர்பெற்றது. பண்ணை ஒன்றின் மேற்பார்வையாளர் தமது புல்வெளியில் றப்பர்த் துண்டுகள், ஈயத்தாள், மெல்லிய குச்சிகள், தடித்த காகிதம் ஆகியவை சிதறிக் கிடக்கக் கண்டார். அவர் மூலம் செய்தி விமானத் தளத்திற்கு எட்டியது. 1947 ஜூலை 8ஆம் தேதி, பறக்கும் தட்டு ஒன்று கைக்கு வந்துவிட்டது என்று தளத்தின் செய்தி உத்தியோகத்தர் அறிக்கை விடுத்தார். அன்று மாலைக்குள் மேலதிகாரிகள் அதனை மறுத்து, அது வானிலை ஆராயும் பலூன் என்றனர். மக்களும் அதனை நம்பி மறந்துவிட்டனர். முப்பது ஆண்டுகளின் பின்னரே, விண்கலம் விழுந்தது, சடலங்கள் கிடைத்தன என்ற பெருங்கதைகள் கிளைத்தன.

இங்கே மேலதிகாரிகள் கூறியது முழுப் பொய்யுமன்று; முழு மெய்யுமன்று. பலூன் என்பது மெய். வானிலை என்பதே பூச்சு. நியூ யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் மோகுல் என்னும் இரகசியத் திட்டத்தின்கீழ், அறுநூறு அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள கயிற்றிலே இருபதுக்கு மேற்பட்ட பலூன்களைக் கோத்து, றேடார் கருவிக்குத் தென்படுமாறு ஈயத்தாள் ஒட்டிய சட்டங்களையும் கட்டி, அலமகோர்டோ என்னும் இடத்திலிருந்து ஏற்றிவந்தனர். கடலாழத்தில் ஒலி நெடுந்தூரம் செல்வதற்கு ஏதுவான படையொன்று இருப்பதுபோல, வளிமண்டலத்தின் மேற்பகுதியிலும் ஒரு படை உண்டு. சோவியத் யூனியன் அணுகுண்டைப் பரிசோதிக்குமாயின், அந்த ஓசையை அப்படையில் மிதக்கும் கருவிகளால் உலகின் மறுபுறத்திலிருந்தே கேட்டறியலாம் என்பது அவர்தம் நோக்கம். எண்ணம் வீண் போயிற்று. 1949 ஆகஸ்டில் வெடித்த முதற் சோவியத் குண்டைக் காட்டிக்கொடுத்தது ஓசையன்று. விமானங்கள் மேல்வானிற் சேகரித்த கதிரியக்கத் தூசியே. இத்தனையையும் அமெரிக்க விமானப் படை பகிரங்கமாக விளக்கியது 1994ஆம் ஆண்டில். நாற்பத்தேழு ஆண்டு மௌனத்துக்குப் பின்னர் வந்த உண்மையை, அதற்குள்ளே வேறு கதையைக் கேட்டுப் பழகிவிட்ட காதுகள் ஏற்கவில்லை.

1952 ஜூலையில் தலைநகரான வாஷிங்டனின் விமான நிலைய றேடார் திரையில் இனந்தெரியாத புள்ளிகள் தோன்றியதும், ஜெட் விமானங்கள் விரைந்ததும், அங்கே அவை ஒன்றையும் பிடிக்க முடியாது திரும்பியதும் உலகெங்கும் தலைப்புச் செய்திகளாயின. குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக் காற்று படிந்து நிற்கும்போது றேடார் கதிர் கீழ்நோக்கி வளைந்து, நிலத்துப் பொருள்களை வானத்துப் பொருள்களாகக் காட்டும் என்று விமானப் படையினர் விளக்கினர். கோடைகாலத்து இரவில் அது பெரிதும் பொருந்திய விளக்கமே. இதனை இங்கே கூறுவதற்குக் காரணம், இதே விளக்கம் பின்னர் வேறொரு வகையிற் பயன்பட்டமைதான்.

1955 ஆகஸ்டில், நெவாடா மாநிலத்துப் பாலைவனத்திலே, குரூம் வாவியின் வறண்ட படுகையிலிருந்து யூ-2 என்னும் உளவு விமானம் முதன்முதல் எழும்பியது. லொக்ஹீட் நிறுவனத்தைச் சேர்ந்த கெலி ஜோன்சன் அதனை வகுத்தவர். நீண்ட சிறகும் ஒற்றை ஜெட் எந்திரமும் கொண்ட அது 60,000 அடிக்கு மேலே பறந்தது. அந்நாளிற் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற விமானங்கள் பறந்த உயரம் பெரும்பாலும் 10,000 அடி முதல் 20,000 அடி வரையே. இராணுவ விமானங்களும் 40,000 அடிக்குக் கீழேயே பறந்தன. 60,000 அடிக்கு மேலே விமானம் ஒன்று பறக்கும் என்று விமானிகள்கூட எதிர்பார்த்ததில்லை.

இனி ஒரு மாலை வேளையைக் கற்பனை செய்து பார்க்கலாம். பிரயாணிகள் விமானம் ஒன்று மேற்கு நோக்கிச் செல்கிறது. அதன் விமானிக்குச் சூரியன் அடிவானத்திற் கீழே போய்விட்டது. சுற்றிலும் இருள் கவிகின்றது. ஆனால், அவர் தலைக்கு மேல் நாற்பதினாயிரம் அடி உயரத்திலே செல்லும் யூ-2 விமானத்துக்குச் சூரியன் இன்னும் மறையவில்லை. உலகம் உருண்டையாதலால், உயர நிற்பவனுக்குக் கதிரவன் பிந்தி மறைவான். நிலத்தில் நிற்பவனுக்குப் பொழுது சாய்ந்து கால் மணி நேரம் கழிந்த பின்னும் அவ்வுயரத்தில் வெயில் இருக்கும். வர்ணம் பூசாத வெள்ளி நிறச் சிறகுகளில் அவ்வெயில் தெறிக்கும்போது, கீழேயுள்ள விமானிக்குத் தெரிவது எட்டாத உயரத்தில் எரியும் நெருப்புத் துண்டம் ஒன்றே. பகலிலும் சிறகு சரியும் கோணத்திற்கேற்ப ஒளி வெட்டி மறையும். அனுபவம் மிக்க விமானிகள் இதனைக் கண்டு, பொறுப்புணர்ச்சியோடு அதிகாரிகளுக்கு எழுதினர்.

அக்கடிதங்கள் ஒகாயோ மாநிலத்து றைற்-பற்றர்சன் தளத்திலிருந்த புளூ புக் என்னும் விசாரணைப் பகுதிக்குச் சென்றன. அவ்விசாரணையாளர் உளவுத் திணைக்களத்தாரிடம் யூ-2 பறந்த நாளையும் நேரத்தையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தனர். பொருந்தியவற்றைக் கணக்கிலிருந்து நீக்கினர். ஆனால், கடிதம் எழுதியவருக்கு உண்மையைச் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. பனித்துகள் என்றும், வெப்பக் காற்றுப் படிவு என்றும் பதில் எழுதினர். தன் கண்ணால் ஒளிப்பிழம்பைக் கண்ட விமானி, பனித்துகள் என்ற பதிலைப் படித்தால் என்ன நினைப்பார்? அரசாங்கம் எதையோ மறைக்கிறது என்று நினைப்பார். அவர் நினைத்தது சரியே. மறைத்த பொருள் யாது என்பதிலேதான் அவர் வழுவினார். 1952இல் மெய்யாகக் கூறிய விளக்கம், பின்னர் போர்வையாகப் பயன்பட்டு, மெய்யாயிருந்த இடத்திலும் நம்பிக்கை இழந்தது.

1960 மே முதலாந் தேதி யூ-2 ஒன்று சோவியத் வான்பரப்பிற் சுட்டு வீழ்த்தப்பட்டது. வானிலை ஆராய்ச்சி விமானம் வழி தவறியது என்று வாஷிங்டன் முதலிற் கூறியது. விமானி உயிரோடு தம் கையில் இருப்பதைக் குருஷேவ் வெளியிட்டதும் அப்பூச்சும் கலைந்தது. 1962இல் ஓக்ஸ்கார்ட் என்ற இரகசியப் பெயருடன், ஒலியினும் மும்மடங்கு வேகமுடைய உளவு விமானமும் அதே பாலைவனத்திற் பறக்கத் தொடங்கிற்று. 1950களின் பிற்பகுதி தொடக்கம் 1960கள் முழுவதும் வந்த பறக்கும் தட்டு முறைப்பாடுகளிற் பாதிக்கு மேற்பட்டவை இவ்விரு வகை விமானங்களாலேயே எழுந்தன என்று, மத்திய உளவுத் திணைக்களத்தின் வரலாற்றாய்வு ஒன்று 1997இற் கூறியது. பாதி என்பது மிகையென்று ஆதாரங் காட்டி மறுப்போரும் உளர், மறுப்பில் வலுவிருக்கிறது. அமெரிக்கா எங்கணும் தரையில் நின்றோர் அனுப்பிய முறைப்பாடுகள் அத்தனைக்கும் ஒரு சில உளவு விமானங்களைக் காரணமாக்குவது கடினம். ஆனால், நெடுந்தூரம் பறக்கும் விமானிகள் உயரத்திற் கண்ட ஒளிகளைப் பொறுத்தமட்டில் இவ்விளக்கத்தைத் தள்ளுவதற்கில்லை.

கண்டவர் நேர்மையானவராயினும், கண்டதை மனம் எவ்வாறு நிறைவு செய்கின்றது என்பதற்கு 1968 மார்ச் 3ஆம் தேதி இரவு நடந்தது சிறந்த சான்று. சோவியத் நாட்டினர் ஏவிய சொண்ட்-4 என்னும் விண்கலத்தின் றொக்கெட்டுப் பகுதி வளிமண்டலத்துள் விழுந்து, அமெரிக்காவின் கிழக்குப் பாகத்தின்மேல் எரிந்து சிதறியது. எரியும் துண்டுகள் வரிசையாகச் சென்றதைப் பலர் பார்த்தனர். பெரும்பாலோர் பார்த்தபடியே கூறினர். சிலரோ, சுருட்டு வடிவான நீண்ட கப்பலொன்று ஓசையின்றிச் சென்றது என்றும், அதன் பக்கத்தில் சதுரமான சாளரங்கள் ஒளிர்ந்தன என்றும் எழுதினர். இருளிலே சில ஒளிப்புள்ளிகள் வரிசையாய்ச் சென்றால், அவற்றை இணைத்து ஓர் உடலைக் கட்டிவிடுவது மனத்தின் இயல்பு. புள்ளிகளை வைத்துக் கோலம் போடுவதும் அவ்வியல்பினாலேதான்.

கொலராடோ பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞர் எட்வேர்ட் கொண்டன் தலைமையிலான குழுவின் அறிக்கை இச்சம்பவத்தை விரிவாக ஆராய்ந்தது. அவ்வறிக்கை வெளிவந்த 1969ஆம் ஆண்டின் இறுதியிலே புளூ புக் விசாரணையும் மூடப்பட்டது. அதன் ஏட்டிற் பதிவான முறைப்பாடுகள் மொத்தம் 12,618. விளக்கம் காணப்படாது எஞ்சியவை 701. நூற்றுக்கு ஆறுக்கும் குறைவான இந்த எச்சத்தையே வேற்றுலகவாதிகள் தம் கோட்டையாகக் கொள்கின்றனர். பொலிசாரின் ஏடுகளிலே கண்டுபிடிக்கப்படாத களவுகள் பல உண்டு. அவற்றைப் பேய்கள் செய்தன என்று எவரும் கூறுவதில்லை. 701 என்பது, போதிய தகவலின்றி அடைபட்டுப் போன கோவைகளின் தொகையாகவும் இருக்கலாம். அந்நாளிற் சொல்லப்படாத வேறு யந்திரங்களின் தொகையாகவும் இருக்கலாம். விண்வெளிப் பிரயாணத்தைப் பற்றிக் கனவு கண்டு எழுதியோருள் முதல்வரும், 1956 முதல் இலங்கையைத் தம் இல்லமாக்கிக் கொண்டவருமான ஆதர் சி. கிளார்க், பிற உலகங்களில் உயிர் இருக்கலாம் என்று எண்ணியவர். ஆயினும், பறக்கும் தட்டுகளை அவர் நம்பியவரல்லர். இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

காலம் மாற, யந்திரங்களும் மாறின. றேடார் கருவிக்கு எளிதிற் புலப்படாத எஃப்-117 என்னும் கரிய விமானம் 1981இற் பறந்தது; அதனை அமெரிக்கா ஒப்புக்கொண்டது 1988இல். 1997 மார்ச் 13ஆம் தேதி இரவு அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ் நகர மக்கள் மலைக்கு மேலே வரிசையாக நின்று ஒவ்வொன்றாய் அணைந்த விளக்குகளைக் கண்டு திகைத்தனர். அவை, பயிற்சியில் ஈடுபட்ட விமானங்கள் பரசூட்டில் இறக்கிய ஒளிக்குண்டுகள். மலைக்குப் பின்னே இறங்கியதும் மறைந்தன. 2019 மே மாதம் முதல், ஸ்டார்லிங்க் செயற்கைக் கோள்கள் ஏவப்பட்ட சில நாள்வரை மணிமாலைபோல வரிசையாகச் செல்வதைக் கண்டு பல நாட்டவரும் பொலிசாருக்குத் தொலைபேசியில் அறிவித்திருக்கின்றனர். 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்ட வரலாற்று அறிக்கை, வேற்றுலக யந்திரம் எதற்கும் சான்று கிடைக்கவில்லை என்றும், இரகசிய விமானங்களையும் றொக்கெட்டுகளையும் இனங்காணாமையே பல முறைப்பாடுகளுக்குக் காரணம் என்றும் கூறியது. ஆர்னல்ட் காலம் தொட்டுப் பலர் ஊகித்ததை அரசாங்கமே தன் வாயாற் கூறுவதற்கு முக்கால் நூற்றாண்டு சென்றது.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு பங்கு உண்டு. 2016 பெப்ரவரியில் கம்பளைப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலே, வாடிய பெரும் பலூன் ஒன்றும் அதனோடு இணைந்த மின்னியற் கருவிகளும் கிடக்க ஊரவர் கண்டனர். மிக உயரத்தில் மிதந்து இணைய வசதி அளிப்பதற்கென்று கூகிள் நிறுவனம் அந்நாளில் நடத்திய லூன் திட்டத்தைச் சேர்ந்தது அது. பரிசோதனைக்காக வந்த பலூன், முன்னேற்பாட்டின்படியே இறங்கியது என்று அதிகாரிகள் அறிவித்தனர். அதன் சொந்தக்காரர் எவரென்பதும், அது வந்த காரணமும் ஓரிரு நாளிலேயே பத்திரிகைகளில் வெளியாகிவிட்டன. கம்பளையில் எவரும் சடலங்களைத் தேடவில்லை.